கடைசிப் பரிசோதனை

"நான் தொடக்கூட இல்லை, மேடம்."

இந்த வாக்கியத்தைச் சொல்லாத யாரும் நன்னடத்தை அதிகாரியின் எதிர் நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததில்லை. அழுதுகொண்டே சொன்னவர்கள் உண்டு. ஒருவன் நாற்காலியிலிருந்து மயங்கிச் சரிந்துகொண்டே சொன்னான். ஆனால் இன்று எதிரே இருந்த வெல்டரின் வாயிலிருந்து அது வந்தபோதுதான் அவருக்கு வலித்தது.

போதை மாத்திரைக்காகப் பட்டறையில் செம்புக் கம்பி திருடி மாட்டிக்கொண்டவன் அவன். சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து, ஒரு வருடம் இவருடைய கண்காணிப்பில் சிகிச்சை எடுக்கச் சொல்லியிருந்தது நீதிமன்றம். போதை மீட்பு மையத்தில் தினமும் போதை ஏக்கத்தை அடக்கும் மருந்து, வாராவாரம் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு தடவைகூட அவன் பிசகவில்லை. இவன் ஒருவனாவது தேறிவிட்டான் என்று வீட்டில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார் அதிகாரி.

இன்று கடைசிப் பரிசோதனை. கைகுலுக்கி அனுப்பிவைக்க வேண்டிய நாள். மேசைமேல் கிடந்த பரிசோதனை அட்டையோ போதை இருக்கிறது என்று காட்டியது.

"இன்னொரு தடவை பாருங்க மேடம்."

"ரெண்டு அட்டை மாத்திப் பார்த்தாச்சு. அதுக்கு உன்மேல என்ன பகை?" முதல் தடவையாக அவர் அவனை 'நீ' என்றார். "நேத்து எங்கே போனே?"

"பட்டறை விட்டா வீடு, மேடம். சாப்பிட்டேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். காலையில என் வீட்டுக்காரிதான் உலுக்கி எழுப்பிவிட்டா."

"தூக்கம் வராம என்ன செய்யும்? போட்ட மாத்திரை அப்படி!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நெருப்புப் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகக் கறுத்த கைகள் மடியில் கிடந்தன.

"இதோ பாரு," அதிகாரி குரலைத் தணித்தார். "வழுக்கி விழறது சகஜம். ஒத்துக்கிட்டவங்களுக்குக் காலத்தை நீட்டி, மறுபடி மையத்துக்கே அனுப்பியிருக்கேன். இல்லைன்னு சாதிச்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு மேடம். நம்ம புத்திதான் நமக்குத் தெரியுமே. என்னை அறியாம ஏதாவது..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, போட்டேன்னே எழுதிக்குங்க."

அதிகாரி அதை அப்படியே நீதிமன்ற அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். 'தானாக ஒத்துக்கொண்டான்' என்பதை அழுத்திச் சொன்னார். நீதிபதியிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். போன வாரம் தனியாக வந்து இதே அறையில் நின்றவள்.

"கண்காணிப்பு முடிஞ்சதும் அந்த மருந்து, மேடம்?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"அதுவும் முடிஞ்சுடும்மா. இலவச மருந்து கேஸ்ல இருக்கிறவங்களுக்குத்தான். மத்தவங்க பதிஞ்சுட்டுக் காத்திருக்கணும்."

"முன்னாடி ஒரு தடவை கடன் வாங்கி வைத்தியம் பார்த்தோம். மருந்து நின்னதும் பழையபடி ஆயிட்டார். எம்பொண்ணு இப்போதான் அப்பா பக்கத்துல போய் உட்கார்றா, மேடம்."

'எல்லாம் நல்லபடியா நடக்கும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார் அதிகாரி. காத்திருந்தே செத்துப்போனவர்களை அவருக்குத் தெரியும். அதையா சொல்ல முடியும்?

இப்போது அவளை உள்ளே கூப்பிட்டார். "மனசைத் தேத்திக்கம்மா. உன் வீட்டுக்காரர் மறுபடி போட்டிருக்கார். அவரே ஒத்துக்கிட்டார்."

மற்ற பெண்களாக இருந்தால் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள், புருஷன் சட்டையைப் பிடிப்பார்கள். இவள் வெல்டரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அவரைத் திட்டாதீங்க மேடம்," என்றாள். "மருந்து நிக்காதுல்ல?"

இப்படி ஒருத்தி கிடைக்க இவன் என்ன புண்ணியம் செய்தானோ என்று நினைத்துக்கொண்டார் அதிகாரி. தொலைபேசி அடித்தது.

"மையத்துல இடமே இல்லையாம், மேடம். காலத்தை நீட்டறதையெல்லாம் இந்த மாசத்தோட நிறுத்திட்டாங்க. அதான் அவனே ஒத்துக்கிட்டானே, விசாரணைகூட வேணாம்னுட்டார் ஐயா. பழைய தண்டனைதான். ரெண்டு வருஷம் ஜெயில்."

"அங்கே இந்த மருந்து குடுப்பாங்களா?"

எதிர்முனையில் சிரித்தார்கள். "ஜெயில்ல மாத்திரை கிடைக்கும் மேடம். மருந்து கிடைக்காது."

தொலைபேசியை வைத்துவிட்டு, கேட்டதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிமுடித்தார் அதிகாரி. வாசலில் நின்ற காவலர் உள்ளே வந்து வெல்டரின் தோளைத் தொட்டார்.

வெல்டர் எழுந்தான். காவலரிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு மனைவிக்கு எதிரே போய் நின்றான்.

"என்னை மன்னிச்சுடு. எப்போ போட்டேன், எப்படிப் போட்டேன்னு சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லை."

அவள் அவன் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போடலைங்க. சாப்பாட்டுல நான்தான் கலந்தேன்."