மிதக்கிற சட்டம்

"மிதக்கிறதா இருக்கணும், மேஸ்திரி."

மேஸ்திரி சிரிக்கப் பார்த்தார். மிதக்க வேண்டியது படகு, மேல்தளச் சட்டம் அதற்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்.

அவள் சிரிக்கவில்லை. படகு அவள் தம்பிக்கு. பைபர் கூடு தயாராகி வெளியே நின்றது. சட்டம் அடித்து, மேலே பலகை போட்டுவிட்டால் அவன் மீன்பிடிக்கக் கிளம்பிவிடுவான். அழுது பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். அவன் மசியவில்லை. அவளுக்கென்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன். சாமானையாவது தானே பார்த்து எடுக்கலாம் என்று பட்டறைக்கு வந்துவிட்டாள்.

மேஸ்திரி அலுமினியத் துண்டு ஒன்றை நீட்டினார். கனமில்லை, உளுத்துப் போகாது, இப்போது எல்லாரும் கேட்பது இதுதான். அவள் அதை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். நேராக அடிக்குப் போனது.

தேக்குத் துண்டைப் போட்டாள். உள்ளே போய் மேலே வந்தது. கையால் அழுத்தினாள். மறுபடியும் வந்தது.

"இது."

கனம் கூடும், டீசல் அதிகம் குடிக்கும் என்றார். பரவாயில்லை என்று தலையாட்டினாள்.

அடுத்து அவள் கேட்டதுதான் அவரைச் சீண்டியது. பலகைகளைச் சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டாமாம். கயிற்றால் கட்டினால் போதுமாம். ஒரே இழுப்பில் அவிழ வேண்டுமாம்.

"ஏம்மா, படகு கட்டச் சொல்றியா, துணி காயப்போடக் கொடி கட்டச் சொல்றியா? ஆடுற பலகை மேல உன் தம்பி எப்படி நிப்பான்? என் கையால போன படகுல ஒரு பலகை அசைஞ்சதுன்னு எவனாவது சொல்லட்டும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாகக் கேட்கப் பயந்ததை அவர் கேட்டுவிட்டார்.

"உன் வீட்டுக்காரர் படகு மூழ்கினதுல... என் வேலையில ஏதாவது தப்பாம்மா? எங்கயாவது விட்டுடுச்சா?"

"நேத்துதான் மேல தூக்கினாங்க. நீங்க கட்டிக் கொடுத்த மாதிரியே இருந்துச்சு. ஒரு ஸ்க்ரூகூடக் கழலலை."

தேக்குத் துண்டை வெளியே எடுத்துத் துடைத்து அவரிடம் கொடுத்தாள்.

"ஒரு பலகையாவது கழண்டிருந்தா, அவருக்குப் பிடிச்சுக்க ஏதாவது இருந்திருக்கும்."