வெள்ளைத் தலையங்கம்

நெருக்கடி நிலை அறிவித்து ஒரு மாதம் கடந்திருந்தது. தூத்துக்குடியில் நன்கொடையை மட்டும் நம்பி, லாபம் பாராமல் நடந்த ‘கரைக்குரல்’ வார இதழ், தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெறும் வெள்ளையாக விட்டு வெளிவந்தது.

விடிந்ததுமே துறைமுகத் தொழிலாளர்கள் மாலையும் மக்ரூன் பொட்டலமுமாக அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள்.

“தணிக்கைக்காரன் மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி! ஒரு எழுத்து இல்லாம எவ்வளவு சொல்லிட்டிய!” என்று மாலையைப் போட்டார் அவர்களின் தலைவர் இஞ்ஞாசி.

ஆசிரியர் சொரிமுத்து பத்திரிகையை முன்னும் பின்னும் புரட்டினார்.

“கலங்காதிய அண்ணாச்சி. ஜெயிலுக்குப் போனாலும் நாங்க கூட வாரோம்.”

“ஜெயிலா?”

“பாத்தியளாலே, எவ்வளவு சாதாரணமாக் கேக்காரு!” என்று இஞ்ஞாசி தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

நிருபர் ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “‘லாபமும் வேண்டாம், பயமும் வேண்டாம்’னு வாராவாரம் முகப்புல போடுதோம். இன்னைக்குத்தான் சார் அதுக்கு அர்த்தம் புரிஞ்சுது.”

கூட்டம் கைதட்டிக் கலைந்தது. சொரிமுத்து அச்சுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அச்சுக் கோக்கும் சிலுவை மூலையில் பதுங்கி நின்றான்.

“ஏலே, அரசாங்கத்தை ஆகா ஓகோன்னு புகழ்ந்து தலையங்கம் எழுதிக் குடுத்தேனே, அது எங்கலே?”

“மாதா கோயில் திருவிழால சப்பரம் பாக்க ஓடிட்டேன் அண்ணாச்சி. கோக்க மறந்தே போச்சு.”

சொரிமுத்து கழுத்து மாலையைத் தடவிப் பார்த்தார். ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“சரி, அடுத்த வாரம் எந்த ஊர்ல சப்பரம்னு விசாரிச்சு வை.”