ஆளுக்கு ஓர் எழுத்து

அந்த மென்பொருள் அலுவலகத்தில் ஐந்து பேர், ஆளுக்கு ஓர் எழுத்து. கணினியில் ஒருவரின் எழுத்தைத் தட்டினால் அவர் இன்று நிரலில் என்னென்ன மாற்றினார் என்பது திரையில் வந்து நிற்கும். வேலையை விட்டுப் போகிறவரின் எழுத்தைப் பொதுக் கோப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அந்த ஐவரில் மொட்டை என்று எல்லோரும் கூப்பிட்டவர் திங்களன்று லாரியில் அடிபட்டுச் செத்தார். மறுநாள் அவர் எழுத்தை நீக்கப் போனாள், கணவனோடு அங்கேயே வேலை பார்த்த அவள். யாரோ முன்பே நீக்கியிருந்தார்கள். நீக்கிய நேரம், அவர் அடிபடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. நீக்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

இன்று மதியம் அவள் கணவனின் எழுத்தைக் காணவில்லை. அவனோ பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர ஒரு சுருக்குக் கட்டளை உண்டு, இரண்டே எழுத்து. தட்டினாள், வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் மறுபடி போனது. மறுபடி தட்டினாள்.

"என்னடி, மரங்கொத்தி மாதிரி அதையே கொத்திக்கிட்டிருக்கே?"

"நீங்க பேசாம உக்காருங்க. எங்கயும் போகாதீங்க."

"மூணு மணி நேரமா இதையேதான் சொல்றே. வீட்டுக்குப் போக வேண்டாமா?"

விரல் நுனி எரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் வாசலில் நின்று கைதட்டினார். "எல்லாரும் சேமிச்சுக்குங்கப்பா. ஆறு மணிக்கு சர்வரை நிறுத்துறோம். காலையிலதான் வரும்."

ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது.

கணவன் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

"அப்பாடா! உன் விரலுக்கும் விடுதலை."