அது கடிக்காது, டாக்டர்!

பல் டாக்டர் தன் சிகிச்சை அறைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"குழந்தை, அம்மா, குழந்தைங்க பயத்தைப் போக்குற நாய், எல்லாம் ரெடி டாக்டர்," என்றாள் நர்ஸ். "நீங்கதான் பாக்கி."

"கடிச்சு வச்சா?"

"கடிக்காது டாக்டர்."

"போன வாரமும் இப்படித்தான் சத்தியம் பண்ணாங்க!" கட்டுப் போட்ட விரலை ஆட்டிக் காட்டினார்.

"அன்னிக்கு மிரண்டு போச்சு, பாவம். தடவிக் கொடுத்தா அடங்கிடும். சொத்தைப் பல்லை இன்னிக்கு எடுத்தே ஆகணும், வலி தாங்கலையாம். வாங்க!"

உள்ளே தள்ளப்பட்டார் டாக்டர்.

"பயப்படாதீங்க, அது கடிக்காது!" என்றாள் அம்மா.

நாய் துள்ளி வந்தது. டாக்டர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"உன்னை நம்பித்தான்டா வந்திருக்கேன்!"

பிறகு அதன் பின்னாலிருந்து நாற்காலியை எட்டிப் பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த நாலு வயதுச் சுட்டிப் பெண், அவரைக் கண்டதும் பல்லைக் காட்டி, "உர்ர்ர்" என்றாள்.

நாய் போய் அவள் மடியில் தலை வைத்தது. உறுமல் சிரிப்பானது. நாய் கொட்டாவி விட, அவளும் "ஆ" என்று வாயைப் பிளந்தாள். மருந்து தடவி, ஒரே இழுப்பு. பல்லும் டாக்டர் கையில், விரல்களும் டாக்டர் கையிலேயே!

"நான்தான் சொன்னேனே, அது கடிக்காதுன்னு!" அம்மா பூரித்தாள்.

நாயை அழைத்து வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"எங்க போனாலும் நான் சொல்ற டயலாக்குங்க அது. இங்க யாருமே என்கிட்ட கேக்கலையே!"