பரவால்லீங்க

முதல் வாய் உள்ளே போனது.

அவன் கரண்டியும் கையுமாக நின்றான்.

மனைவி மென்றாள். விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"பரவால்லீங்க" என்றாள்.

மிச்சத்தையும் சாப்பிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு, பில் போடும் வேலைக்கு ஜவுளிக்கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவன் அங்கேயே நின்று யோசித்தான்.

நன்றாக இருக்கிறது என்றாலும் பரவாயில்லைதான். நன்றாக இல்லை, போகட்டும் விடுங்கள் என்றாலும் பரவாயில்லைதான். பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் அதே வார்த்தை. பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் பெண் எப்படி என்று கேட்டால் அதற்கும் அதே வார்த்தை. இதில் எதை எடுத்துக்கொள்வது?

பம்ப் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள், அதில் என் பெயரும் இருக்கிறது என்று போன வாரம் வந்து சொன்னபோதும் அவள் இதையேதான் சொன்னாள். அதோடு சரி. அதைப் பற்றி வேறு பேச்சே இல்லை.

திட்டவும் இல்லை.

அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவன் திட்டு வாங்காத நாள் கிடையாது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டு. ஃபேனை அணைக்காமல் போனால் திட்டு. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்ததற்குக்கூட ஒருமுறை வாங்கியிருக்கிறான். இந்த வாரம் வேண்டுமென்றே துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தான். பேசாமல் எடுத்துக் கொடியில் காயப்போட்டாள்.

விருந்துக்கு வந்தவனை இப்படித்தான் நடத்துவார்கள்.

அடுத்த நாள் அரிசிம்பருப்பு சாதம் அடிப்பிடித்துவிட்டது. பரவால்லீங்க.

அதற்கு அடுத்த நாள் கீரை கடைந்தான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு பக்குவம். சட்டியை வழித்துத் தின்றான். அவள் வந்து சாப்பிட்டாள்.

பரவால்லீங்க.

எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்றே சொல்லாத பரீட்சையாக இருந்தது. பாஸா, ஃபெயிலா என்று யாரிடம் போய்க் கேட்பது?

வியாழக்கிழமை ஒரு காரியம் செய்தான்.

புளிக்குழம்பில் உப்புப் போட்டான். மறுபடியும் போட்டான். யோசித்து இன்னும் ஒரு கை போட்டான்.

மகள் தர்ஷிகா முதல் வாயிலேயே, "ஐயோ, உப்பு!" என்றாள்.

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். தர்ஷிகா வாயை மூடிக்கொண்டு தயிர்க் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

மனைவி நிதானமாகத் தட்டைக் காலி செய்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவால்லீங்க."

அவனும் அள்ளி வாயில் வைத்தான். தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

ஆக, இத்தனை நாளும் அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அல்லது ஒரே அர்த்தம்தான். பாவம் என்று விட்டுவைத்திருக்கிறாளா? வெறுத்துப் போய்விட்டாளா? திட்டுவதற்குக்கூட லாயக்கில்லாதவனாக ஆகிவிட்டேனா? ராத்திரி படுத்த பிறகும் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுகை வருவது போல இருந்தது, வரவில்லை.

அப்புறம் கடை மாவில் இட்லி ஊற்றிக்கொடுத்தான். தோல்வி வந்தால் கடைக்காரன் தலையோடு போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷிகா கேக் வேண்டும் என்றாள்.

அடுப்பிலேயே, குக்கரிலேயே செய்யலாம் என்று போன் வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். அடியில் கல் உப்பைப் பரப்ப வேண்டும். மேலே மாவுக் கிண்ணம். தண்ணீர் கூடாது. விசில் கூடாது. அவள் சொன்ன வேகத்துக்கு அவன் கை ஓடவில்லை. விசிலைக் கழற்றினான். மூடியை இறுக்கி வைத்தான். ரப்பரைப் பற்றியும் அவள் ஏதோ சொன்னாள். அப்போது முட்டை ஓடு மாவில் விழுந்து, அவன் அதைத் தேடிக்கொண்டிருந்தான்.

வாசம் வந்தது. கேக் வாசம் இல்லை.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தாள். அடுப்பை அணைத்தாள். மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தாள். ரப்பர் கருகி மூடியோடு ஒட்டியிருந்தது.

அவன் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தான்.

"ஏனுங்க, தண்ணியில்லாத குக்கர்ல ரப்பரோடயா வெப்பாங்க? நான் மேலதானுங்க இருந்தேன்? ஒரு சத்தம் குடுத்துக் கேட்டா என்னங்க?"

அவன் நிமிர்ந்தான்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? எங்கயும் கேக்கறதில்ல. கம்பெனிலயும் அப்படித்தானே? இத்தன வருசம் ஒழச்சீங்களே, எதுக்குங்க எம்பேரச் சேத்துனீங்கன்னு ஒருத்தனக் கேட்டீங்களா? நீட்டுன எடத்துல கையெழுத்தப் போட்டுட்டு வந்து…"

குரல் உடைந்தது.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

எதிர்வீட்டுக்காரர். மூக்கைச் சுளித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏதோ கருகற வாசம் வருதுங்களே?"

"ஒண்ணுமில்லீங்க" என்றான். "திட்டு வாங்கிட்டிருக்கேன்."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

சமையலறையில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றாள். அடங்கிவிடுவாளோ என்று அவனுக்குப் பதறியது.

ஸ்டூலை இழுத்து அவளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தான்.

"கையெழுத்து வரைக்கும் வந்தே" என்றான். "மேல சொல்லு."