துண்டு போட்ட கேமரா

"ஏய், பச்சப் பொடவ! இன்னா, உக்காந்துகினே இருக்கற?"

கம்பத்துலேருந்துதான் சத்தம் வந்திச்சி. மக்காச்சோளக் காட்டுல கதிர் ஒடிச்சிகினு இருந்த பொம்பளைங்க அத்தினி பேரும் நிமுந்து பாத்தாங்க.

பேசனது அறிவுச்செல்வன். ஆளு இருக்கறது மெட்ராஸ்ல, ஏசி ரூம்புல. காடு இருக்கறது சங்கராபுரத்துக்கு மேற்க, கல்வராயன் மலை அடிவாரத்துல. நடுவுல இருக்கறது போன்ல ஒரு ஆப்.

மலையிலேருந்து எறங்கற காட்டுப்பன்னிய வெரட்டத்தான் சோலார் கேமரா வாங்கி கம்பத்துல மாட்டனான். பாக்கவும் பாக்கலாம், பேசவும் பேசலாம். மொதல்ல அவன் போட்ட சத்தத்துக்கு பன்னிங்க தெறிச்சி ஓடுச்சிங்க. அப்பறம், 'அட, நம்ம பையன்தான் பேசறான்'னு தின்னுகினே கேக்க ஆரம்பிச்சிட்டுதுங்க.

காசு போட்டு வாங்கன கேமராவ சும்மா வுட முடியுமா? ஆளுங்க பக்கம் திருப்பிட்டான்.

"வெத்தல போட்டுகினு இருக்கறாங்க சின்னவரே, தோ எழுந்துருவாங்க." பூமாலை கம்பத்தப் பாத்து ஒரு கும்புடு போட்டா. வேலைக்கு ஆளுங்களக் கூட்டியாரது அவதான். அப்பறம் பொம்பளைங்க பக்கம் திரும்பி மெல்ல சொன்னா, "சாமிக்குக்கூட நான் இவ்ளோ கும்புடு போட்டதில்லடி. அது பாவம், திருப்பித் திட்டாது."

பொம்பளைங்க சிரிச்சாங்க.

"இன்னா சிரிப்பு அங்க?"

பெத்த அம்மாவயும் அவன் வுடல. லட்சுமியம்மாள் காட்டுப் பக்கம் தல காட்னா போதும்.

"அம்மா! வெயில்ல இன்னாத்துக்கு நிக்கற? சுகர் மாத்திர போட்டியா? வூட்டுக்குப் போ!"

புருசன் போனதுக்கப்பறம் ஒண்டியா நின்னு அந்தக் காட்ட வெவசாயம் பண்ண பொம்பள. கம்பத்தப் பாத்து தலையாட்டிட்டு திரும்பிப் போவும்.

ஆபீஸ்ல அறிவுச்செல்வனுக்கு ஒரே பெரும. "எங்க காட்டுல காக்கா எச்சம் போட்டாலும் எனக்குத் தெரியும் மச்சான்!"

அந்தப் பெருமையில மண்ணு வுழுந்திச்சி. கதிர் ஒடிக்க ஆரம்பிச்சதுலேருந்து, தெனமும் சோத்து நேரத்துல கேமரா இருண்டு போவுது. யாரோ துண்டப் போட்டு மூடறாங்க. படம் தெரியல. டுர்ருனு மொபட் சத்தம் மட்டும் கேக்குது. போவுது, வருது. போவுது, வருது.

காட்டுல மொபட் வெச்சிருக்கறது ஒரே ஒரு ஆளு. பூமாலை.

அம்மாவுக்கு போனப் போட்டான். "கதிரெல்லாம் மூட்ட மூட்டயா வண்டியில போவுதும்மா!"

"சேச்சே, அவ அப்பிடிப்பட்டவ இல்லடா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சோறு துன்னுட்டு வூட்ல படு."

மறுநாள் யாருக்கும் சொல்லாம கார எடுத்துகினு கெளம்பிட்டான். கரெக்டா சோத்து நேரத்துல காட்டுல வந்து எறங்கனான்.

கம்பத்து மேல துண்டு. மர நெழல்ல பொம்பளைங்க சோறு துன்னுகினு இருக்கறாங்க. மொபட்டக் காணோம்.

"பூமால! வண்டி எங்க?"

பூமாலைக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "சின்னவரே, நீங்க எப்ப... வண்டி தோ, அந்தாண்ட போயிருக்குதுங்க. வந்துரும்."

"யாரு எடுத்துகினு போனது?"

எதுக்கும் வாய் ஓயாதவ, கைய கழுவிகினு தரையப் பாத்தா.

"கேமராவுக்கு இன்னாத்துக்குத் துண்டு? எத்தினி மூட்ட வித்தீங்க? திருடிங்க கையிலயா எங்கம்மா காட்ட ஒப்படைச்சிகிது?"

பச்சப் பொடவக்காரி எழுந்து நின்னுட்டா. "யக்கா, சொல்லித் தொலையேன்! இந்தப் பழிய நாம இன்னாத்துக்கு சொமக்கணும்?"

"வாய மூடுடி. சொல்ல மாட்டோம்னு வாக்கு குடுத்துட்டு இப்ப இன்னா பேச்சு?" பூமாலை கூடையத் தூக்குனா. "சின்னவரே, ஒடிச்ச கதிரு மொத்தமும் தோ குமிஞ்சி கெடக்குது, பாத்துக்கங்க. திருடின்னு சொன்ன காட்டுல இனிமே எங்க காலு படாது. வாங்கடி, போவலாம்."

நாலு எட்டு வெச்சிருப்பாங்க. வண்டிப் பாதையில புழுதி கெளம்பிச்சி.

"ஒதுங்கு! ஒதுங்கு! யார்ரா அது, குறுக்க? பிரேக்கு புடிக்க வரலடா!"

அறிவுச்செல்வன் ஒரே தாவா தாவி கதிர் குமிச்சலு மேல மல்லாந்தான். மொபட் அவனச் சுத்தி ஒரு வட்டம் போட்டுது. பூமாலை ஓடிப்போய் ஹேண்டில்பாரப் புடிச்சி நிறுத்தனா.

வண்டி மேல, பொடவயத் தூக்கி இடுப்புல சொருவிகினு, பல்லு அத்தினியும் தெரிய உக்காந்திருந்தது லட்சுமியம்மாள்.

"பூமால! மெயின் ரோடு வரைக்கும் ஒண்டியா போய்ட்டு வந்துட்டன்டி! ஒரு எடத்துலகூட கால ஊனல!"

கோவத்துல கெளம்பனவங்க எல்லாம் கூடையப் போட்டுட்டு கை தட்டனாங்க.

"அம்மா... நீயா?" கதிருக்குள்ளேருந்து மவன் தல நீட்டனான்.

"பின்ன, செத்துப்போன உங்கப்பனா? நீ எங்கடா இங்க?"

"திருட்டப் புடிக்க வந்தாராம்." பச்சப் பொடவக்காரிக்குப் பொறுக்கல. "நாங்க திருடிங்களாம்மா."

லட்சுமியம்மாள் மொகத்துல சிரிப்பு நின்னுபோச்சி.

"துண்டு போட்டது நானு. சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கனதும் நானு. கேட்டா நீ ஓட்ட வுட்டுருப்பியா?"

"கீழ வுழுந்தா இன்னாம்மா ஆவறது? உன் நல்லதுக்குத்தான கேமரா வெச்சிருக்கறேன்!"

லட்சுமியம்மாள் முட்டியக் காட்டுச்சி. அங்க பழைய காயமும் புதுக் காயமுமா இருந்திச்சி.

"வுழுந்தன்டா. தெனமுந்தான் வுழுந்தேன். துன்ன சோத்த அப்பிடியே வுட்டுட்டு ஓடியாந்து தூக்குனாங்க இவங்க. உன் கேமரா கம்பத்த வுட்டு எறங்கி வருமாடா?"