பொன்வண்டு

மைசூரு ஆய்வகத்தின் சன்னலோர மேசையில் ஒரு தீப்பெட்டி திறந்திருக்கிறது. உள்ளே உயிருள்ள பொன்வண்டு. காலை வெயிலில் அதன் முதுகு பச்சையும் செம்புமாக மாறி மாறி மின்னுகிறது. "சின்னதுல இதைத் தேடித்தானே காடெல்லாம் சுத்துவே கண்ணு, அதான் புடிச்சாந்தேன்," என்கிறார் கோபிநத்தத்திலிருந்து பஸ்ஸேறி வந்திருக்கும் அப்பா. பூச்சி ஆராய்ச்சியில் சேர்ந்து இரண்டு மாதமான ஜோதிமணி சிரிக்கிறாள். எட்டிப் பார்க்கும் பேராசிரியை, இந்த வகை நம் சேகரிப்பில் இல்லை, இன்றே கொன்று ஊசி குத்தி வை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். "என்ன சொல்றாங்க கண்ணு?" என்று அப்பா கேட்கிறார். "ரொம்ப அழகா இருக்குதாம்ப்பா." அவர் முகம் மலர்கிறது. "அப்போ அடுத்த வாட்டி இன்னும் நாலு கொண்டாறேன்." பூச்சியைக் கொல்லும் மருந்துப் பஞ்சு போட்ட புட்டியின் மூடியைப் பாதி திருகியபடி, சரி என்பதா வேண்டாம் என்பதா தெரியாமல் ஜோதிமணி நிற்கிறாள்.